ஆட்டைக் கேட்டது யார்?



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'எங்கள் தோட்டத்துத் திருவிழா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். பதினொரு பேர் மட்டுமே பயிலும் சிறிய வகுப்பு அது. பத்துப் பேர் காவடி, பால்குடம், ஐஸ்கிரீம் வண்டி, பலூன் என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். ஆறு மாதமாக அதற்குத் தழை ஒடித்துப் போட்டவள் அவள்தான். பள்ளிவிட்டு வந்தால் அது அவள் பின்னாலேயே வருமாம். திருவிழா நாளில் அதற்கு மாலை போட்டு, மஞ்சள் நீர் தெளித்து, முனியாண்டி கோயிலுக்குக் கொண்டு போனார்களாம். கடைசி இரண்டு வாக்கியங்கள் இவை: "சாமி கேட்டதால் கொடுத்துவிட்டோம். சாமி ஏன் என் ஆட்டைக் கேட்டது என்று தெரியவில்லை."

ஒற்றுப்பிழை இரண்டைச் சிவப்பு மையால் திருத்தினேன். கடைசி வாக்கியத்திற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ஏட்டை மூடி வைத்தேன்.

அந்த வாரமே நடந்த பெற்றோர் சந்திப்பின் முடிவில், பெயர் எதுவும் குறிப்பிடாமல், இச்செய்தியைப் பொதுவாக எடுத்துப் பேசினேன். கோயில் காரியங்களில் முன்நிற்கும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "வாத்தியாரய்யா, நம்ம முனியாண்டியை மட்டும் ஏன் குறை சொல்றீங்க? பைபிள்லயே ஆடு வெட்டுன்னு கடவுளே சொல்லியிருக்காராமே! உலகத்துல முதல் வேதமே அப்படித்தான் சொல்லுதுன்னா, அது கடவுள் போட்ட வழிதானே?" என்றார். கூட்டத்தில் பலரும் தலையாட்டினர். நான் ஏதோ மழுப்பிவிட்டு அமர்ந்தேன்.

பெரியவரின் கேள்வி நியாயமானது. எனவே எபிரேய வேதத்தின் அப்பகுதிகளை வரிசையாகப் படித்தேன். படித்ததில் தெளிந்ததை இங்கே வைக்கிறேன். இது எந்தச் சமயத்தாரின் நம்பிக்கையையும் பழிப்பதற்காக எழுதப்பட்டதன்று. "கடவுளே கேட்டார்" என்னும் ஒரே வாதத்தை மட்டுமே இங்கு ஆராய்கிறேன்.

முதல் பலியைக் கேட்டவர் யார்?

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகக் கொடுக்கப்படுபவை விதை தரும் பயிர்களும் கனி தரும் மரங்களுமே. இறைச்சி உண்ண இசைவு ஒன்பதாம் அதிகாரத்தில், பெருவெள்ளத்திற்குப் பிறகுதான் வருகிறது. இடையில், நான்காம் அதிகாரத்தில், காயீன் தன் நிலத்து விளைச்சலையும், ஆபேல் தன் மந்தையின் தலையீற்றையும் காணிக்கையாகக் கொண்டு வருகின்றனர். கொண்டு வரும்படி யார் சொன்னது? அந்நூலில் அப்படியொரு கட்டளையே இல்லை. ஆதாமுக்குக் கடவுள் தோலாடை அணிவித்தாரே, அதுதான் முதல் பலி என்று உரைப்பவர் உளர். அங்கே ஆடையைப் பற்றிய செய்தி இருக்கிறதே தவிர, பலி என்னும் சொல்லே இல்லை. ஆபேலின் காணிக்கையைக் கடவுள் ஏற்றார் என்கிறது நூல். கேட்டார் என்று சொல்லவில்லை. கேட்பதும் ஏற்பதும் ஒன்றா? மாணவன் அன்போடு நீட்டும் மாங்காயை நான் வாங்கிக்கொண்டால், நான் மாங்காய் கேட்டதாக ஆகிவிடுமா?

அடுத்து நோவா. வெள்ளம் வடிந்து, பேழையை விட்டு இறங்கியதும் அவன் பலிபீடம் கட்டித் தகனபலி இடுகிறான். அங்கும் கட்டளை இல்லை. அந்த நறுமணத்தைக் கடவுள் முகர்ந்தார் என்று நூல் கூறுகிறது. இந்த மணம் எங்கிருந்து வந்தது? 1872இல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித், களிமண் பலகை ஒன்றில் பாபிலோனியரின் வெள்ளக் கதையைப் படித்தறிந்தார். கில்காமேசு காப்பியத்தின் பதினொன்றாம் பலகை அது. அக்கதையிலும் வெள்ளத்தில் தப்பியவன் பலியிடுகிறான். அதன் மணத்தை முகர்ந்த தெய்வங்கள் ஈக்களைப் போல மொய்த்துக்கொள்கின்றன. மக்கள் மாண்டதால் தெய்வங்களுக்கு உணவிடுவார் இல்லாமல் போயிற்று என்பது அக்கால நம்பிக்கை. அதாவது, பலி என்பது தொடக்கத்தில் தெய்வத்திற்கு இடும் சோறு. பசி உடைய மனிதன், தன்னைப் போலவே தெய்வத்திற்கும் பசிக்கும் என்று எண்ணினான். அந்த எண்ணத்தின் சுவடு எபிரேய வேதத்திலும் தங்கியிருக்கிறது. லேவியராகமம் பலியைக் கடவுளின் அப்பம் என்றே சில இடங்களில் அழைக்கிறது.

இன்னொரு சான்று. 1928இல் சிரியாவின் கடற்கரையோரம் உழவர் ஒருவர் தற்செயலாகப் பழைய கல்லறையொன்றைக் கண்டார். மறு ஆண்டு தொடங்கிய அகழாய்வில் உகரித் என்னும் பழைய நகரம் வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த பலகைகளில் எபிரேய வேதத்தில் உள்ள சில பலிகளின் பெயர்களோடு வேர் ஒத்த பெயர்கள் காணப்படுகின்றன. அந்நகரம் வணங்கியதோ ஏல், பாகால் முதலிய தெய்வங்களை. ஆகவே, பலி இஸ்ரவேலருக்கென்று வானிலிருந்து தனியே இறங்கிய சட்டமன்று. அவ்வட்டாரத்து மக்கள் அனைவருக்கும் பொதுவான பழைய வழக்கம். வழக்கம் முன்பே இருந்தது. அதை ஒழுங்குபடுத்தும் சட்டம் பின்னர் எழுந்தது.

வேதம் ஒரே குரலில் பேசுகிறதா?

"கட்டளை பின்னால் வந்தாலும் கட்டளைதானே?" என்று கேட்கலாம். உண்மை. லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் பலிச் சட்டங்களாகவே உள்ளன. ஆனால், அச்சட்டங்கள் ஒரே நிலையில் நிற்கவில்லை.

லேவியராகமம் 17ஆம் அதிகாரம் மாடோ ஆடோ எதை அறுத்தாலும் கூடாரத்து வாசலுக்குக் கொண்டு வரவேண்டும் என்கிறது. உபாகமம் 12ஆம் அதிகாரமோ, அவரவர் ஊரிலேயே அறுத்து உண்ணலாம் என்று விடுவிக்கிறது. அதே லேவியராகமத்தின் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாவம் நீங்க ஆட்டைக் கொண்டு வரவேண்டும். ஆட்டிற்கு வசதி இல்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டு வரலாம். அதற்கும் இயலாதவன் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டு வந்தால் போதும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் மாவு! ஏழையின் பாவத்தை மாவு போக்கும் என்றால், குருதி இன்றி மன்னிப்பே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா?

அடுத்து, தீர்க்கதரிசிகள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் கோயில் பூசாரி அல்லர். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். காட்டத்திக் காயைக் கத்தியால் கீறிவிட்டால்தான் நன்றாகப் பழுக்கும் என்பது அக்கால முறை. பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டியர் கைத்தொழிலுக்கு ஓரளவு நெருக்கமான வேலை! அந்த உழைப்பாளிதான், வனாந்தரத்தில் நாற்பது ஆண்டுகள் நீங்கள் எனக்குப் பலிகளா கொண்டு வந்தீர்கள் என்று கடவுள் வினவுவதாகப் பேசுகிறார். வேண்டுவது நீதியே என்கிறார். ஓசியா, பலியை அன்று, இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்கிறார். ஏசாயாவும் மீகாவும் இதே கருத்தினர். ஐம்பதாம் சங்கீதம், காட்டு விலங்கெல்லாம் என்னுடையவையாக இருக்க, எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்வேன் என்று கடவுள் கேட்பதாகப் பாடுகிறது.

எல்லாவற்றிலும் கூர்மையானது எரேமியாவின் ஏழாம் அதிகாரம். எகிப்திலிருந்து அழைத்து வந்த நாளில் தகனபலி பற்றி நான் உங்கள் முன்னோரிடம் பேசவுமில்லை, கட்டளையிடவுமில்லை என்று கடவுள் சொல்வதாக அங்கே எழுதப்பட்டுள்ளது. அதே அதிகாரத்தின் இறுதியில், மக்கள் தம் பிள்ளைகளைத் தீயிலிட்டதைச் சுட்டி, அது என் மனத்தில் தோன்றவும் இல்லை என்கிறார். தாம் செய்வதைக் கடவுள் தலையில் சுமத்தும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது. அதை எதிர்த்துக் கேட்ட குரலும் அன்றே, அந்த வேதத்தின் உள்ளேயே, இருந்திருக்கிறது.

மறுப்பு ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தீர்க்கதரிசிகள் பலியை அடியோடு மறுக்கவில்லை, ஏழையை வதைத்துக்கொண்டே பலியிடும் போலித்தனத்தைத்தான் கண்டித்தனர் என்று அறிஞர் பலர் கூறுவர். அவ்வாறே கொள்வோம். அப்போதும் நீதி முதலாவது, பலி இரண்டாவது என்றாகிறது. இரண்டாவதாக நிற்பது மாறக்கூடியதுதானே?

மாறவும் செய்தது. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்தனர். ஆலயத்தோடு பலியும் நின்றது. பாவம் போக்க இனி என்ன வழி என்று அழுத சீடரை, அருட்செயலே அதற்கு ஈடு என்று சொல்லி, ஓசியாவின் அந்தக் கூற்றையே காட்டித் தேற்றினார் யோகனான் பென் சக்காய் என்னும் ஆசான். யூதர் அழிந்துவிடவில்லை. வேண்டுதலும் கல்வியும் ஈகையும் பலியின் இடத்தைப் பெற்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் மைமோனிடிஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சுற்றிலும் எல்லா மக்களும் பலியிட்ட காலத்தில், பழகிய வழக்கத்தை ஒரேயடியாக விட மனிதரால் இயலாது என்பதற்காகவே கடவுள் அதைத் தமக்கென ஒழுங்குபடுத்தி விட்டுவைத்தார் என்று விளக்கினார். அவரை மறுத்த யூத அறிஞரும் உண்டு. ஆனால் கேள்வி கேட்டதற்காக யூதம் அவரைத் தள்ளிவிடவில்லை. இன்றும் பேராசானாகவே போற்றுகிறது.

பெரியவர் ஐயா அவர்களே, நீங்கள் சான்றாகக் காட்டிய வேதத்தின் நிலை இதுதான். கேட்டது கடவுளா மனிதனா என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே தனக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறது. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அது உங்கள் பக்கம் மட்டும் பேசாது.

நம் நூல்கள் என்ன சொல்கின்றன?

நம் நிலையும் இதுவே. திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு ஆட்டுக் கிடாயின் குருதி கலந்த அரிசி படைக்கப்படுகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. அதே தமிழில்தான் வள்ளுவர், நெய்யூற்றி ஆயிரம் வேள்வி செய்வதினும் ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்றார். அதே தமிழில்தான் மணிமேகலை, வேள்விக்காகக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போன ஆபுத்திரனைப் பாடுகிறது. அடிபட்டு, ஊரை விட்டே துரத்தப்பட்ட அச்சிறுவன் கையில்தான் பின்னாளில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வந்து சேர்ந்தது! பலியும் நம் மரபு, பலியை மறுத்ததும் நம் மரபு. 'மரபு' என்று சொல்லி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

தோட்டத்து மக்களை இகழ்வோருக்கு ஒரு சொல்

இதுவரை படித்துவிட்டு, "அப்படிச் சொல்லுங்கள், தோட்டத்துக் காட்டுமிராண்டித்தனம் ஒழியட்டும்" என்று பட்டணத்து அன்பர் எவரேனும் மகிழ்ந்தால், அவருடைய மகிழ்ச்சியில் நான் பங்குகொள்ள மாட்டேன்.

லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலான் எங்கும் காட்டை அழித்துக் கித்தா நட்டவர்கள் நம் முன்னோர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் கொண்டு வருவது 1938 வரை நீடித்தது. மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பிள்ளைகள் மாண்ட லயங்களில், ஓர் இரவு முழுதும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து, "முனியாண்டி, பிள்ளையைக் காப்பாத்து, கிடா வெட்டுறேன்" என்று நேர்ந்துகொண்ட தாயை எந்த நூலறிவைக் கொண்டு நான் பழிப்பேன்? என் பாட்டியும் அப்படி நேர்ந்துகொண்டவர்தாம். அந்த ஆட்டுக்குழம்பை நானும் உண்டிருக்கிறேன். இன்றும் நான் புலால் உண்பவனே.

கூலிக்காசில் அரிசியும் கருவாடும் வாங்கி வாழ்ந்த மக்களுக்கு ஆண்டுக்கொரு முறை எல்லா லயத்துக்கும் கறிச்சோறு கிடைத்த நாள் அது. தண்டலும் வெளிக்காட்டு ஆளும் ஒரே பந்தியில் அமர்ந்த நாள். ஸ்காட்லாந்து அறிஞர் இராபர்ட்சன் ஸ்மித் 1889இல் வெளியிட்ட நூலில், செமித்தியரின் பலி தொடக்கத்தில் குலத்தார் கூடி உண்ட விருந்தே என்றார். அவருடைய கருத்து முழுவதையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆயினும் தோட்டத்துப் பந்தியைக் கண்டவருக்கு அவர் சொன்னது புரியும். எபிரேய மொழியில் பலிக்குக் 'கொர்பான்' என்று பெயர். நம் மலாய் அண்டை வீட்டார் வாயிலாகவும் நாம் அறிந்த சொல்தான். அதன் வேர்ப்பொருள் 'நெருங்குதல்'.

அந்த நெருக்கத்தை அறியாமல் மேலிருந்து தடைபோட்டால் என்ன நடக்கும்? தமிழகத்தில் 1950ஆம் ஆண்டிலேயே விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2003இல் அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது சிற்றூர்க் கோயில் மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. மனம் மாறாத இடத்தில் சட்டம் வேரூன்றாது.

எனில், நான் கேட்பது என்ன?

ஆட்டுக்கறி உண்ணலாமா கூடாதா என்பதன்று என் கேள்வி. உண்பது நாம், நேர்ந்துகொண்டது நாம், வெட்டுவது நாம். அப்படியிருக்க, "சாமி கேட்டது" என்று சொல்வது ஏன்? தெய்வம் கேட்டது என்றால் அதை எவரும் மாற்ற முடியாது. நாம் முடிவு செய்தது என்றால், நாமே மாற்றலாம். அதற்காகவே இத்தனை ஆராய்ச்சி.

மஞ்சள் நீர் தெளித்ததும் ஆடு உடலைச் சிலிர்த்தால் 'சாமி உத்தரவு கொடுத்துவிட்டது' என்கிறோம். குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடுதான் சிலிர்க்காது? வெட்டுகிறவர் மனமே உறுத்துவதால்தானே ஆட்டிடம் ஓர் ஒப்புதல் தேவைப்படுகிறது?

ஆகவே, என் வேண்டுகோள் நான்கு.

1. பெற்றோர்களே, பிள்ளையிடம் "சாமி கேட்டது" என்று சொல்லாதீர்கள். "நாங்கள் நேர்ந்துகொண்டோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை வளர்த்த உயிரை அப்பிள்ளையிடம் கேட்காமல் நேர்ந்துவிடாதீர்கள்.

2. வெட்டும் இடத்தில் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். அழும் பிள்ளையைக் கோழை என்று சிரிக்காதீர்கள். அந்த அழுகை இரக்கத்தின் முதல் பாடம்.

3. கோயில் பொறுப்பாளர்களே, பந்தியைக் கைவிடாதீர்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் சிரம்பான், நீலாய் என்று தாமான்களுக்குச் சிதறிவிட்ட இக்காலத்தில், நம்மை ஒன்றுகூட்டுவது அந்தப் பந்திதான். பொங்கலும் மாவிளக்கும் அன்னதானமும் முன்பே நம் வழிபாட்டில் உள்ளவை. புதிதாக எதையும் புகுத்த வேண்டியதில்லை. ஏழைக்கு மாவு போதும் என்ற எபிரேயச் சட்டத்தை மறவாதீர்கள்.

4. ஆசிரியர்களே, ஆபுத்திரன் கதையை வகுப்பில் சொல்லுங்கள். ஆனால், ஆடு வெட்டும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலைகுனியும்படி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். பாட்டன் பாட்டியை வெறுக்கக் கற்பிப்பது கல்வியன்று.

மறுநாள் அம்மாணவியின் ஏட்டில் இவ்வாறு எழுதினேன்: "மிக நன்று, மகளே. சாமி உன் ஆட்டைக் கேட்டதாக நான் படித்த வரையில் எந்த நூலும் உறுதியாகச் சொல்லவில்லை. பெரியவர்களாகிய நாங்கள்தாம் கேட்டோம். நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி." வீட்டில் அதைப் படித்த தந்தையார் பள்ளிக்கே வந்துவிட்டார். சினத்தோடு வருகிறார் என்றே எண்ணினேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். "மூணு நாளா அவ சரியாச் சாப்பிடல சார்" என்றார். அடுத்த ஆண்டு என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இக்கட்டுரையில் பிழையிருப்பின் அறிந்தோர் சுட்டிக்காட்டுக. திருத்திக்கொள்ள அணியமாயிருக்கிறேன். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட பெரியவருக்கு என் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன்.

சிந்திப்போம்.